ஆயிரம் என்று போட்டிருந்தது

தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் முதன்முதலில் கையில் வாங்கிப் பார்க்கிற துப்பாக்கி, அநேகமாகப் பலூன் சுடும் ஏர்கன்னாகத்தான் இருக்கும். எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்குக் கடை போட ஆரம்பித்தால், வளையல் கடைக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் நடுவே ஒரு பலகை நின்றுவிடும். அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரிசையாகப் பலூன்கள். கடைக்காரரே துப்பாக்கியை மடக்கி, குண்டு வைத்து, நிமிர்த்திக் கையில் கொடுப்பார். அஞ்சு சுட்டால் ரெண்டு வெடிக்கும். "முள்ளை வளைச்சு வெச்சிருக்கான்யா" என்பது அந்தக் கடைகளைப் பற்றிய பரம்பரைப் புகார். ஆனால் துப்பாக்கிக்குச் சக்தி போதவில்லை என்று அங்கே யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஊதிய பலூனுக்கு ஒரு குண்டூசி போதும்.

சக்தி போதவில்லை என்ற புகார், அதே துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வருகிறது. ஏனென்றால் திருவிழாத் துப்பாக்கிக்குப் பெட்டி கிடையாது. கடைத் துப்பாக்கிக்கு உண்டு. பெட்டியின் மேல் ஒரு எண் உண்டு.

என் தாய்மாமன் வாங்கிய துப்பாக்கியின் பெட்டியில் இருந்த எண் 1000. எஃப்.பி.எஸ். அதாவது நொடிக்கு 1000 அடி.

*

மாமாவின் வீடு வேங்கிக்காலில். வேலூர் ரோட்டில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி உள்ளே போகும் தெருக்களில் ஒன்று. ஒரு காலத்தில் ஏரியும் நிலமுமாக இருந்த இடம், இப்போது பிளாட்டும் மாடி வீடுமாகிவிட்டது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் தென்மேற்கே மலை முழுசாகத் தெரியும். மலை தெரிகிற மாடிக்கு வாடகை கொஞ்சம் கூட. மலை தெரிகிற மாடிக்குக் குரங்கும் கொஞ்சம் கூட.

கிரிவலப் பாதையில் வருகிறவர்கள் போடும் வாழைப்பழத்திலும் பிஸ்கட்டிலும் வளர்ந்த குரங்குகள் அவை. மனிதரைப் பார்த்தால் பயப்படாது, கையைப் பார்க்கும். அத்தை காயவைத்த வடாம், கொத்தவரங்காய் வத்தல், வேர்வரை பிடுங்கிய கறிவேப்பிலைச் செடி, தண்ணீர்த் தொட்டியின் மூடி என்று நஷ்டக் கணக்கு நீண்டுகொண்டே போனது. பட்டாசு வைத்துப் பார்த்தார்கள். புலி பொம்மை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பொம்மையின் மேல் உட்கார்ந்து ஒரு குட்டி பேன் பார்த்துக்கொண்டதை அத்தை இன்றைக்கும் சொல்வார்.

கடைசியில் மாமா ஆதார் நகலைக் கொடுத்து, 9,000 ரூபாய்க்குச் சற்று மேலே போட்டு ஒரு ஏர் ரைஃபிள் வாங்கி வந்தார். குரங்கின் மேல் சுடுகிற எண்ணம் அவருக்கு இல்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; சனிக்கிழமைதோறும் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை வாங்குகிற மனிதர் அவர். பக்கத்துக் காலிமனையில் கிடந்த தகரத்தின் மேல் சுடுவார். 'டங்' என்று ஒரு சத்தம் வரும், கூட்டம் மதிலேறிப் போய்விடும். மூன்றாம் நாளிலிருந்து சுடவே தேவைப்படவில்லை. துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கினாலே போதும், காலி.

வந்த வேலை முடிந்துவிட்டது. மாமா மட்டும் சந்தோஷமாக இல்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது மாடியில் ஒரு பால்பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ கலகலவென்றது.

"இன்னா மாமா?"

"இங்க இருந்து அந்தச் செவுத்துக்கு இருபது மீட்டர் இருக்குமா? டப்பாவுல ஒரு பக்கம் பூந்துச்சு. மறுபக்கம் வரல. உள்ளயே கெடக்குது பாரு. ஆயிரம்னு போட்டுக்கீறான் மாப்ள. ஆயிரம் அடி போறது ஒரு டப்பாவத் தாண்டாதா?"

மரப்பலகையிலும் சுட்டுப் பார்த்திருந்தார். குண்டு பதிந்திருந்தது, ஆனால் பின்பக்கம் வெளியே தெரிந்தது. நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினார். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்ததாம். "வேட்டு மாதிரி சத்தம், லேசாப் பொகைகூட வந்துச்சு. அப்புறம் சப்புனு ஆயிடுச்சு."

*

மாமாவின் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் 31 வருஷம் மளிகைக் கடை நடத்தியவர். ஊருக்குள் பெரிய பெரிய ஏ.சி. கடைகள் வந்து, வேலூர் ரோட்டில் பாதிக் கடைகள் போன்கடைகளாக மாறியபோது அவரும் ஷட்டரை இறக்கினார். இரும்புப் படிக்கல் காலத்திலிருந்து மின்னணுத் தராசு காலம் வரை பார்த்தவர். தராசை வருஷா வருஷம் கொண்டுபோய் முத்திரை போட்டு, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி வைத்திருந்தார். தொழிலாளர் துறை ஆட்கள் எந்த நேரமும் வந்து எடைக்கல்லைத் தூக்கிப் பார்க்கலாம் என்ற பயத்தோடும், அப்படி வந்தபோதெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற கர்வத்தோடும் வாழ்ந்தவர்.

அவரிடம் போய், "குரங்குதான் ஓடிடுச்சே மாமா, அப்புறம் எதுக்கு இந்த ஆராய்ச்சி" என்று கேட்பது, ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டவருக்கு 600 கிராம் கொடுத்துவிட்டு, "சாம்பார்தான் கொதிச்சிடுச்சே" என்று சொல்வதைப் போல.

அதனால் அளந்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளப்பது பழைய பிரச்சினை. 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் அதற்கு ஓர் எளிய வழி சொன்னார். கனமான கட்டையை ஊசல் போலத் தொங்கவிட்டு அதன் மேல் சுட வேண்டும். கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறதோ, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இன்றைக்குக் குரோனோகிராஃப் என்ற கருவி இருக்கிறது. குண்டு இரண்டு ஒளி உணரிகளைக் கடக்கும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லிவிடும். எங்களிடம் இரண்டும் இல்லை. இருந்தது ஒரு செல்போனும், அத்தை கழித்துப்போட்ட ஓர் இரும்புத் தோசைக்கல்லும்.

தோசைக்கல்லை மாடியின் ஒரு முனையில், பின்னால் மணல் சாக்கு வைத்து, குண்டு தெறித்தால் தரைக்குப் போகும்படி சற்றுச் சாய்த்துக் கட்டினோம். துப்பாக்கி முனையிலிருந்து தோசைக்கல் வரை டேப் பிடித்துச் சரியாக 10 மீட்டர். இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டோம். அத்தை கீழே, கதவு தாழ்ப்பாள் போட்டாயிற்று. துப்பாக்கி முனைக்குப் பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டேன். சுட்டால் ஒரு 'டப்', பட்டால் ஒரு 'டிங்'. ஒலிப்பதிவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு சத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஆயிரத்தில் ஒரு நொடிவரை துல்லியமாகப் படிக்கலாம்.

பத்து முறை சுட்டோம். சராசரி இடைவெளி 83 மில்லிநொடி. இதில் ஒரு பகுதி, 'டிங்' சத்தம் தோசைக்கல்லிலிருந்து போனுக்குத் திரும்பி வந்த நேரம். அன்றைக்கு வெயில் 34 டிகிரி. அந்தச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். பத்து மீட்டருக்கு 28 மில்லிநொடியும் கொஞ்சமும். அதைக் கழித்தால் குண்டு பறந்த நேரம் 54.6 மில்லிநொடி. பத்து மீட்டரை அதால் வகுத்தால் நொடிக்கு 183 மீட்டர். அடியில் சொன்னால் 600.

காற்றின் தடையால் குண்டு வழியிலேயே கொஞ்சம் வேகம் இழந்திருக்கும்; முனையில் கிளம்பும்போது இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். எங்கள் அளவையில் இரண்டு, மூன்று சதவீதம் பிசகும் இருக்கலாம். எல்லாவற்றையும் தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 1000 எங்கே, 600 எங்கே.

மாமா கால்குலேட்டரைக் கீழே வைத்தார்.

"கிலோவுக்கு அறுநூறு கிராம்."

*

உண்மையில் கணக்கு அதைவிட மோசம். ஒரு பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. பதினொன்றாம் வகுப்பில் எல்லாரும் படித்த அரை எம் வி ஸ்கொயர். வேகம் 60 சதவீதம் ஆனால், ஆற்றல் 36 சதவீதம் ஆகிவிடும். கடைகளில் கிடைக்கும் சாதாரண 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு சுமார் அரை கிராம் இருக்கும். கொத்தமல்லி விதை அகலம். கிலோவுக்கு 2000 குண்டு என்று மாமா உடனே மனக்கணக்குப் போட்டார். அரை கிராம் குண்டு 1000 அடி வேகத்தில் போனால் 23 ஜூல். எங்கள் மாடியில் கிடைத்தது 8.4 ஜூல்.

இந்த 23 என்ற எண்ணில்தான் சுவாரசியம் இருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, முனை ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ அந்தக் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். அதாவது பெட்டியில் இருக்கும் எண், சாதாரண ஈயக்குண்டுக்கு உண்மையாக இருந்தால், ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு மாமாவுக்கு அதை விற்றிருக்க முடியாது. விற்க முடிந்தது என்றால் அந்த எண் ஈயக்குண்டுக்கானது இல்லை.

அப்படியானால் எதற்கானது? இதற்காகவே கிடைக்கிற, ஈயம் கலக்காத லேசான உலோகக் குண்டு ஒரு டப்பா வரவழைத்தோம். ஒன்று சுமார் 0.33 கிராம். அதே தோசைக்கல், அதே போன். இடைவெளி 72 மில்லிநொடிக்கு இறங்கியது. வேகம் நொடிக்கு 229 மீட்டர், அதாவது 750 அடி. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆற்றலைக் கணக்குப் போட்டேன். 8.7 ஜூல். பழைய குண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. எண்தான் 150 ஏறியிருந்தது. துப்பாக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் கொடுக்க முடிந்த சக்தியைத்தான் கொடுக்கும். குண்டின் எடையைக் குறைத்தால் அதே சக்தியில் அது வேகமாக ஓடும், அவ்வளவுதான். ஆனால் லேசான குண்டு காற்றில் சீக்கிரம் ஓய்ந்துவிடும். பத்து மீட்டரில் ஈயக்குண்டுகள் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. இவை ஒரு கையகலத்துக்குச் சிதறின.

"பொரியப் போட்டுப் படிய ரொப்புற வேல" என்றார் மாமா. அதைவிடச் சுருக்கமாக இந்த வியாபாரத்தை என்னால் சொல்ல முடியாது.

ஸ்பிரிங் ஏர்கன் வேலை செய்யும் விதமும் இதில் சேர்த்தி. குழலை மடக்கும்போது உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் அமுங்கி மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் அது விடுபட்டு ஒரு பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. முன்னால் அடைபட்ட காற்று நொடியின் சிறு துணுக்கில் அமுங்கிச் சூடேறி, குண்டைத் தள்ளிவிடுகிறது. இடையே பிஸ்டனின் வாஷர் தளர்ந்திருந்தால் காற்று கசியும். குழல் மடங்கும் மூட்டில் உள்ள ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் கசியும். குண்டின் பாவாடை குழலைக் கவ்வாவிட்டால் கசியும். மடக்கிய துப்பாக்கியை மணிக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் ஸ்பிரிங்கே தளரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுதான் மொத்தமாகப் போய்விடுகிறது.

மாமா சொன்ன முதல் நாள் 'வேட்டு'க்கும் காரணம் இருக்கிறது. புதுத் துப்பாக்கிக்குள் தடவியிருக்கும் எண்ணெய், அமுங்கிச் சூடான காற்றில் டீசல் எஞ்சினில் போலவே பற்றிக்கொள்ளும். புகை, சத்தம், கூடுதல் வேகம் எல்லாம் அதனால் வருவது. எண்ணெய் தீர்ந்ததும் துப்பாக்கி தன் சுயரூபத்துக்கு வந்துவிடும். சப்பென்று ஆகவில்லை, இதுதான் அது.

*

கடைக்கு போன் போட்டார் மாமா. "சார், அது மேக்சிமம் சார். பெல்லட்டப் பொறுத்தது" என்று பதில் வந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். 1000 என்ற எண் கட்டைவிரல் பருமனுக்கு. அதன் முன்னால் எறும்பு அளவில் 'அப் டு' என்று இரண்டு வார்த்தை. 1000 வரை. அறுநூறும் ஆயிரம் வரைதான். நூறும் ஆயிரம் வரைதான்.

நமக்கு இது புதுசில்லை. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு பி.எம்.பி.ஓ ஞாபகம் இருக்கும். உள்ளங்கை அகல ஸ்பீக்கரின் நெற்றியில் 2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ என்று ஒட்டியிருப்பார்கள். அதன் அடாப்டரோ பத்து, இருபது வாட்டுக்கு மேல் இழுக்காது. இப்போது பவர்பேங்க், டார்ச் லைட், மசாஜ் மெஷின் என்று அதே எண் வேறு வேறு பெட்டிகளில் குடியேறிவிட்டது. பைக் மைலேஜையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் அதிலாவது எல்லா வண்டியையும் ஒரே விதமாகச் சோதித்து எடுத்த எண் இருக்கிறது. நம் ரோட்டில் கிடைக்காது என்பது வேறு விஷயம். ஏர்கன் பெட்டியின் எண்ணுக்கு எந்தக் குண்டு, எத்தனை கிராம், எங்கே அளந்தது என்று எதுவும் கிடையாது. அளவுகோலைச் சொல்லாத அளவு.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று மாமா கேட்டார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனியாகவே வரையறுத்திருக்கிறது. தாராளமாகப் போகலாம். சாட்சியாகத் தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்றேன். சிரித்தார். பிறகு நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார்.

*

அந்த 8.4 ஜூல் குறைவா, அதிகமா?

சிறுவயதில் நாங்கள் மாங்காய் அடித்த கவட்டையை எடுத்துக்கொள்வோம். பத்து கிராம் கூழாங்கல்லை நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் விட்டால் சரியாக 8 ஜூல். ஒன்பதாயிரம் ரூபாய்த் துப்பாக்கியும், சைக்கிள் டியூபில் செய்த கவட்டையும் ஒரே தராசில் ஏறக்குறைய ஒரே எடை. ஒரு வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டரில் போடும் 160 கிராம் கிரிக்கெட் பந்தில் 120 ஜூல் இருக்கிறது. லைசென்ஸ் எல்லையைப் போல ஆறு மடங்கு.

ஆனால் ஜெர்மனிக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே 7.5 ஜூலைத் தாண்டினாலே காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. இங்கிலாந்தில் எல்லை சுமார் 16 ஜூல். மாமா 'சப்பு' என்று சலித்துக்கொண்ட துப்பாக்கி ஜெர்மனியில் உரிமம் கேட்கும் துப்பாக்கி.

அந்த ஜெர்மனியில்தான் உலகத்தின் பெயர் பெற்ற போட்டித் துப்பாக்கிகள் தயாராகின்றன. ஒலிம்பிக் 10 மீட்டர் பிரிவில் பயன்படும் அவற்றின் ஆற்றல் அந்த 7.5 ஜூலை ஒட்டித்தான். குண்டு நொடிக்கு 170 மீட்டர் வாக்கில் போகும். எங்கள் மாடியில் அளந்த வேகத்தைவிடக் குறைவு. அபினவ் பிந்த்ரா 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். கடைசிக் குண்டு 10.8. இலக்கின் நடுவே இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதே பிரிவில், இதே வேகத்தில். அவர்கள் யாருக்கும் டப்பாவின் மறுபக்கம் வெளியே வர வேண்டியிருக்கவில்லை. காகிதத்தைத் துளைத்தால் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் துளைக்க வேண்டும்.

மாமாவிடம் பிந்த்ரா கதையைச் சொன்னேன். சுவாரசியமாகக் கேட்டார். "அவங்க பொட்டில எவ்ளோன்னு போட்டிருக்கும்?" என்றார். நூற்று எழுபதுதான் என்றேன். "போட்டது வந்துச்சு இல்ல" என்றார். அவருக்கு அதுதான் முக்கியம்.

*

வேகத்தைவிடத் தோற்றம் வேலை செய்யும் என்பதும் புதிய கண்டுபிடிப்பில்லை. காற்றுத் துப்பாக்கி ஒரு காலத்தில் நிஜமான போர்க்கருவி. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த ஏர் ரைஃபிளைப் பயன்படுத்தியது. அதன் அடிக்கட்டையே காற்று அடைத்த கலன். இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம், புகை கிடையாது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு 1804 முதல் 1806 வரை பயணம் போன லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோனது. வழியில் சந்தித்த பழங்குடி மக்களிடம் அதை எடுத்துச் சுட்டுக் காட்டுவது அவர்களுடைய வழக்கம். வேட்டைக்கு மற்ற துப்பாக்கிகள் இருந்தன. இது காட்டுவதற்கு.

நம் பக்கம் இன்னும் பழைய வழக்கம். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தட்டை, குளிர், கவண் என்று கையில் கிடைத்ததை வைத்துக் கிளி ஓட்டுகிறார்கள். கவணைத் தவிர மற்றவை சத்தம் போடும் கருவிகள். கிளி சாகத் தேவையில்லை, பறந்தால் போதும். இன்றைக்கும் எங்கள் மாவட்டத்தில் மல்லாட்டை விதைத்தவர்கள் மயிலையும் காக்காவையும் ஓட்டத் தகர டின்னைத்தான் தட்டுகிறார்கள்.

மாமாவின் துப்பாக்கியும் மூன்றாம் நாளே இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. சுடாமலேயே வேலை செய்தது. குரங்குகள் பெட்டியைப் படிக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

*

அவர் தெருவில் ஒரு நாய் இருந்தது. யாருடையதும் இல்லை, எல்லாரும் மணி என்று கூப்பிடுவார்கள். ஐப்பசியில் அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. தோளில் வீக்கம். கடிபட்டிருக்கும் என்றார்கள். வீக்கம் சீழ் வைத்ததும் தெருவில் இரண்டு பையன்கள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் தோலைக் கீறி எடுத்துக் கொடுத்ததை ஒரு காகிதத்தில் மடித்து மாமாவிடம் கொண்டுவந்தார்கள். தெருவில் ஏர்கன் இருக்கிற வீடு என்று எல்லாருக்கும் தெரிந்தது அந்த ஒரு வீடுதான்.

மாமா காகிதத்தைப் பிரித்தார். தலை நசுங்கிய ஈயக்குண்டு. தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவருடையது முனை தட்டையானது, வாங்கியதிலிருந்து அந்த ஒரு வகைதான். இதன் பாவாடையில் வரி வரியாகக் கோடு இருந்தது. வேறு வகை. இதைச் சொன்னார். பையன்கள் நம்பினார்கள். சொல்லி முடித்த பிறகும் அவர் அந்தக் குண்டைக் கீழே வைக்கவில்லை.

எட்டு ஜூல் கிரிக்கெட் பந்தில் இருந்தால் அது உள்ளங்கை முழுக்கப் பரவும். அதே எட்டு ஜூல் 4.5 மில்லிமீட்டர் வட்டத்தில் வந்து நின்றால் தோல் தாங்காது. இந்தக் குண்டுக்கு நொடிக்கு 100 மீட்டர் வேகமே தோலுக்குள் போகப் போதும். கண்ணாக இருந்தால் அதுகூட வேண்டாம். டப்பாவின் மறுபக்கம் வராத குண்டு உடம்புக்குள்ளும் மறுபக்கம் வராது. உள்ளேயே தங்கும். மாமா அன்றைக்குக் குலுக்கிக் காட்டிய சத்தத்தை நான் வேறு விதமாக யோசித்தது அப்போதுதான்.

பெரிய துப்பாக்கி கொன்றுவிடும் என்பதால் அதற்கு ஆயிரம் கட்டுப்பாடு. இது கொல்லாது என்பதால் எளிதாகக் கிடைக்கிறது. கொல்லாது என்பதாலேயே, பட்ட உயிர் சீழ் வைத்த தோளோடு மாசக்கணக்கில் நடக்கிறது. மருத்துவர் கையில் வராத குண்டுகள் எத்தனை உடம்பில் இருக்கின்றன என்று யாரும் எண்ணப்போவதில்லை. அந்த எண்ணுக்குப் பெட்டி கிடையாது.

இந்த வேகத்தை 'போதாது' என்று சொன்ன அதே மாடியில் நின்று, 'அதிகம்' என்றும் சொல்ல வேண்டியிருந்தது. துப்பாக்கி மாறவில்லை. அதே 600.

*

மணி பிழைத்துக்கொண்டது. லேசாக நொண்டும். மாமா பெட்டியின் மேலிருந்த 1000ஐ மார்க்கரால் அடித்துவிட்டு, கடையில் விலை எழுதுகிற அதே பெரிய கையெழுத்தில் 600 என்று எழுதினார். கீழே தேதி. முத்திரை போட்ட மாதிரி இருந்தது.

மார்கழியில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையன் வந்தான். காலேஜ் படிக்கிறவன். "அண்ணே, ஏர்கன் சும்மாதான் வெச்சிருக்கீங்களாம். குடுக்குறதுன்னா நான் எடுத்துக்கறேன்" என்றான். நானும் அப்போது அங்கே இருந்தேன். மாமாவுக்கு விற்றுவிடுகிற யோசனை முன்பிருந்தே இருந்தது. அத்தைக்கு வீட்டில் அது இருப்பதே பிடிக்கவில்லை. மாமா எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்து, தான் எழுதிய எண்ணை அவனுக்குக் காட்டினார். "ஆயிரம்னு போட்டிருந்தான். அளந்து பாத்தோம், அறுநூறுதான் வருது. சொல்லிட்டன்" என்றார். பழைய வியாபாரி. குறையைச் சொல்லாமல் பொருளைத் தர மாட்டார்.

பையன் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தான். குழலை லேசாக மடக்கி விட்டான். பிறகு கேட்டான்: "அறுநூறுக்கு நாய் சாவுமாண்ணே? நைட்டு வண்டியில வந்தா தொரத்துது."

மாமா துப்பாக்கியை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

"சாவாது."

"அப்ப எவ்ளோக்குக் குடுப்பீங்க?"

"அது சாவாதுப்பா. அதனாலதான் குடுக்கல."

பையனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, வித்தாச்சா என்று கேட்டார். மாமா பதில் சொல்லாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியைப் பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் தள்ளினார்.